வலிக்காத கால்

பல் வலித்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுகிறோம். பாதம் மதமதப்பாக இருந்தால் மட்டும், ‘வலிக்கலையே, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று மாதக்கணக்கில் நடமாடுகிறோம். வாய் திறந்து முறையிடாதவர்களைக் கடைசியில் கவனிக்கிற பழக்கம் நமக்கு உடம்பு விஷயத்திலும் உண்டு.

வலியின் அருமையை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன பால் பிராண்ட் நம் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர். தொழுநோய்தான் விரல்களை அழுகச் செய்கிறது என்று நம்பிய காலம் அது. அவர் கண்டது வேறு. தொழுநோயால் உணர்ச்சி போன காலில் முள் தைத்தால் தெரிவதில்லை. தெரியாததால் அந்தப் புண்ணின் மேலேயே நடக்கிறார்கள். தூக்கத்தில் எலி விரலைக் கடித்ததுகூட விடிந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. அதற்காகவே பூனை வளர்க்க ஏற்பாடு செய்தார்கள்!

இன்று சர்க்கரை நோயால் அதே கதை நம் வீடுகளில் நடக்கிறது. உடம்பில் மிக நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. கெடுவதும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். விரல் நுனியில் ஆரம்பித்து, சாக்ஸ் மாட்டியதுபோல் மேலேறும். என் அத்தைக்குப் பஞ்சின்மேல் நடப்பதுபோல இருந்ததாம். ஒரு கால் செருப்பு தெருமுனையிலேயே கழன்றுவிட்டதை மளிகைக்கடைக்காரர் சொல்லித்தான் பார்த்தார். டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். முடித்து இழையை மேசையில் வைத்தபோது அத்தை கேட்டார்: “எப்ப ஆரம்பிப்பீங்க டாக்டர்?”

‘வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். மதமதப்புக்குச் சர்க்கரை மட்டுமே காரணமில்லை. பி12 குறைவு, தைராய்டு, குடி, முதுகில் நரம்பு நசுங்குவது, தொழுநோய் என்று பல உண்டு. மெட்ஃபார்மினை வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். பி12 குறைவைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். கண்டுபிடிக்க ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.

சம்மணம் போட்டு எழுந்ததும் கால் மரத்துப்போய், சில நிமிஷத்தில் சரியானால் பயமில்லை. அடிக்கடி வந்தாலோ, நாள்கணக்கில் போகாவிட்டாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும். மரத்த காலில் புண்ணோ கொப்புளமோ கண்டால் அன்றே போங்கள். வலிக்கவில்லை என்பது அங்கே ஆறுதல் இல்லை. திடீரென்று ஒரு பக்கக் கைகால் மரத்து, வாய் கோணி, பேச்சு குழறினால் 108. முதுகு வலியோடு உட்காரும் இடம் மரத்து, சிறுநீர் பிரியாமலோ அடக்க முடியாமலோ போனாலும் உடனே ஆஸ்பத்திரிதான்.

பாதம் பார்த்த வேலையை இனி கண்ணும் கையும் பார்க்க வேண்டும் என்று அத்தையிடம் சொல்லி அனுப்பினார்கள். ராத்திரி கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறார். வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்க்கிறார். உச்சிவெயிலில் பிரகாரம் சுற்றுவதை விட்டுவிட்டார். “வீட்டுக்குள்ள செருப்பா? நல்லாருக்குடா நீ சொல்றது!” என்பது மட்டும் இன்னும் ஓயவில்லை. போன வாரம்தான் ஒரு சமரசம் ஆகியிருக்கிறது: வீட்டுக்கென்று தனிச்செருப்பு, பூஜையறை வாசல்வரைக்கும்.