ஒரு பக்கம் தட்டை

மடக்குக் கத்தியைக் கையில் கொடுத்தால் எல்லோரும் முதலில் அலகைத்தான் பார்ப்பார்கள். டூல்ரூமிலேயே வருஷங்களைக் கழித்தவன் என்பதால் என் விரல் முதுகுப் பக்கம் போகிறது. அலகு மூடியிருக்கும்போது கட்டைவிரல் நகத்தால் முதுகைக் குறுக்கே ஒருமுறை இழுப்பேன். நடுவில் ஓடும் ஸ்பிரிங் பட்டையும் இருபுறத்துப் பித்தளைத் தகடுகளும் ஒரே மட்டமா என்று பார்க்க. பிறகு பாதி திறந்து ஒருமுறை, முழுக்கத் திறந்து ஒருமுறை. பழைய ஜெர்மன் கத்திகளில் சிறந்தவை மூன்று நிலையிலும் நகத்தைத் தடுக்காது.

இதற்குப் பின்னால் இருக்கும் வேலை பெரியது. பூட்டு இல்லாத பேனாக்கத்தியில் அலகைப் பிடித்து நிறுத்துவது ஸ்பிரிங்கின் அழுத்தம் ஒன்றுதான். அலகின் அடிக்கட்டையில் மூன்று தட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஸ்பிரிங்கின் மேல் வந்து உட்காரும்போது அந்த நிலை நிற்கும். மூன்று தட்டைக்கும் ஆணித்துளையிலிருந்து தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். முடியளவு கூடினால் ஸ்பிரிங் முதுகில் எழும்பும், குறைந்தால் உள்ளே அமுங்கும். இதை மெஷினில் மட்டும் கொண்டுவந்துவிட முடியாது. அலகும் ஸ்பிரிங்கும் பதம் போட்டு வந்தபின் ஒன்றோடொன்று எப்படி உட்காருகின்றன என்பது கத்திக்குக் கத்தி மாறும். யாரோ ஒருவர் உட்கார்ந்து, பூட்டிப் பார்த்து, கழற்றி, ஒரு இழுப்பு தேய்த்து, மறுபடி பூட்டியிருக்கிறார்.

ஸ்க்ரூ கிடையாது. ஆணியைச் சுத்தியலால் தட்டி விரித்து, மேல்பகுதியைச் சமமாகத் தேய்த்துவிடுகிறார்கள். கைப்பிடியின் உலோக முனையும் ஆணியும் ஒரே உலோகம் என்றால் ஆணி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஒரு கத்தியில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துத் தேடினேன், கிடைக்கவில்லை. வெகு நேரம் அந்தச் சந்தோஷத்திலேயே இருந்தேன்.

*

ஸோலிங்கன், ஜெர்மனியின் மேற்கே வுப்பர் ஆற்றங்கரையில் இருக்கும் நகரம். 1731இல் பீட்டர் ஹெங்கல்ஸ் என்ற கத்திக்காரர் இரட்டையர் சின்னத்தை அங்கே பதிவு செய்தார். சமையலறைக் கத்திகளில் அந்தச் சின்னம் இன்றும் வருகிறது. அந்த ஊரின் பெயரைக் கத்தியில் பொறிப்பதற்கு 1938இலேயே சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. முக்கியமான தயாரிப்பு நிலைகள் எல்லாம் அந்த வட்டாரத்துக்குள் நடந்திருந்தால்தான் அலகில் ஊர்ப்பெயர் போடலாம்.

எனக்கு அந்த ஊரோடு நெருக்கம் வந்தது சட்டத்தால் அல்ல, அங்கே வேலை நடந்த விதத்தால். 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு கத்தி ஒரே கூரையின் கீழ் உருவாகவில்லை. அடிப்பது ஓரிடம், பதம் போடுவது ஓரிடம், சாணை பிடிப்பது ஆற்றோரத்து நீர்ச்சக்கரக் கொட்டகையில், கைப்பிடி பூட்டுவது யாரோ ஒருவரின் வீட்டுப் பட்டறையில். இவற்றுக்கு நடுவே அலகுகளைக் கூடையில் அடுக்கித் தலையில் சுமந்து நடந்தவர்கள் பெண்கள். மேடும் பள்ளமுமான அந்த ஊரில் எஃகுச் சுமையோடு பட்டறைக்குப் பட்டறை ஏறி இறங்கியிருக்கிறார்கள். கத்தியில் அவர்கள் பெயர் எங்கும் இல்லை. அவர்கள் நடக்காமல் ஒரு கத்தியும் முழுமையாகியிருக்காது.

எங்கள் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் காலை பத்து மணிக்கு நின்று பார்த்தால் இந்த நடை புரியும். டர்னிங் ஒரு ஷெட், ஹீட் ட்ரீட்மென்ட் இன்னொன்று, கிரைண்டிங் மூன்றாவது, பிளேட்டிங் ஊருக்கு வெளியே. டிரேயில் துணி விரித்து அடுக்கிய பாகங்கள் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியின் முன்பலகையில் உட்கார்ந்து போகும். ஜாப் ஒர்க் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். டெலிவரி சலான் கையில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருக்கும் பையனும் அந்தக் கூடைப் பெண்களும் ஒரே தொழிலில் இருப்பவர்கள்.

சாணைக்காரர்களைப் பற்றியும் எழுத வேண்டும். ஆள் உயர மணற்கல் சக்கரங்களில் குனிந்து அலகு தேய்த்தவர்களின் நுரையீரலில் கல்தூசி இறங்கியது. பலர் நடுவயதைத் தாண்டவில்லை. பழைய அலகு ஒன்றின் பளபளப்பைப் பார்க்கும்போது இதையும் சேர்த்தே பார்க்கிறேன். எங்கள் ஊர் கிரைண்டிங் ஷெட்களில் மாஸ்க் இல்லாமல் நிற்கும் பையன்களிடம் நான் கடுமையாகப் பேசுவதற்கு இது ஒரு காரணம்.

*

ஸோலிங்கன் கத்திகளில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது விலையுயர்ந்த ஒன்று அல்ல. கறுப்புப் பெயின்ட் அடித்த மெர்க்கேட்டர். பக்கவாட்டில் தாவும் பூனை, அதோடு கே55கே என்ற எழுத்துகள். ஹைன்ரிக் காஃப்மன் குடும்பத்தாரின் தயாரிப்பு. அவர்கள் தொழிற்சாலைக்கு வைத்திருந்த பெயர் ‘இந்தியாவெர்க்’, அதாவது இந்தியாத் தொழிற்சாலை. 1990களில் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. இப்போது அதே ஊரின் ஆட்டர் நிறுவனம் அதே கத்தியைச் செய்கிறது.

இந்தக் கத்தியின் கைப்பிடி ஒரே தகடு. பிரஸ்ஸில் வெட்டி, நடுவே மடித்து, உள்ளே அலகும் பூட்டு ஸ்பிரிங்கும் வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள். கொம்பும் இல்லை, மரமும் இல்லை. சட்டைப் பையில் போட்டால் இருப்பதே தெரியாத அளவுக்கு ஒல்லி. பிரஸ் டூல் செய்து பிழைக்கும் ஊர்க்காரன் இதைப் பார்த்தால் உடனே மடிப்பின் உள்வளைவைத்தான் பார்ப்பான். தகடு அங்கே விரிசல் விடாமல் திரும்ப வேண்டும், இரண்டு சுவர்களும் இணையாக நிற்க வேண்டும், மடித்தபின் தகடு கொஞ்சம் திரும்ப விரியும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஏழை உழைப்பாளி வாங்குகிற விலையில் விற்க வேண்டும் என்று தொடங்கி, தேவையில்லாததை ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் எதையும் கழிக்க முடியாத இடத்தில் நின்ற வடிவம் அது. அலங்காரக் கத்திகளை விட இதை நான் மேலாக வைக்கிறேன்.

2002இல் ஓசூர் டைட்டனின் எட்ஜ் கைக்கடிகாரம் வந்தபோது அதன் உள்ளிருந்த இயந்திரத்தின் தடிமன் 1.15 மில்லிமீட்டர். ஒல்லியாகச் செய்வது எவ்வளவு கடினம் என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல.

*

கொம்புக் கைப்பிடிகளைப் பற்றி ஒரு குறிப்பு. ஜெர்மன் வேட்டைக் கத்திகளிலும் பேனாக்கத்திகளிலும் பழுப்பும் வெளுப்புமாக வரி ஓடும் அந்தக் கொம்பு பெரும்பாலும் நம் கடமானுடையது. பல மான் வகைகளின் கொம்பைவிடக் கெட்டி, உள்துளை குறைவு, மேல்தோல் பட்டை போலச் சொரசொரப்பாக இருந்து கைக்குப் பிடி கொடுக்கும். மான் ஆண்டுதோறும் உதிர்க்கும் கொம்பைப் பொறுக்கி இந்தியாவிலிருந்து கப்பலேற்றினார்கள். 1990களின் கடைசியில் அந்த ஏற்றுமதி நின்றது. உதிர்ந்த கொம்பு என்ற பெயரில் வேட்டைக் கொம்பும் போய்விடும் என்ற பயம் நியாயமானது. தடை சரி என்றே நினைக்கிறேன். அஞ்செட்டிப் பக்கம், காவிரி வடக்குச் சரணாலயத்தின் ஓரத்தில், கடமான் சாலையைக் கடக்க நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் கொம்பு கைப்பிடியாவதை விட அங்கே இருப்பதே அழகு என்று தெரியும். பழைய கத்திகளின் கைப்பிடி தேய்ந்து வழுவழுப்பாகியிருப்பதைத் தொடும்போது மட்டும், காட்டின் ஒரு துண்டு அவ்வளவு தூரம் போய்த் திரும்பியிருக்கிறதே என்று தோன்றும்.

*

சந்தூர். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மாங்கன்று ஊர். தென்னங்கீற்று நிழலில் பைகள் வரிசையாக நிற்கும். கொட்டையிலிருந்து முளைத்த செடியின் தலையைக் கிள்ளி, நடுவில் பிளந்து, மேலே பெங்களூராவோ அல்போன்சாவோ குச்சியை ஆப்பு மாதிரி சீவிச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டுவார்கள். ஒட்டுக்குச்சியின் இலைகளைப் பத்து நாட்களுக்கு முன்பே கிள்ளிவிட்டிருப்பார்கள், கண் பருத்து நிற்கும். சீவிய பரப்பும் பிளந்த பரப்பும் இடைவெளி இல்லாமல் ஒட்டினால் பட்டைக்கு அடியிலிருக்கும் பச்சை அடுக்குகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். மேடு பள்ளமாகச் சீவினால் நடுவில் காற்று நிற்கும், குச்சி கறுத்துப்போகும்.

அங்கே பெரும்பாலான கைகளில் இருப்பது ஷேவிங் பிளேடு. மலிவு, புதிதாக இருக்கும்வரை நல்ல கூர். அந்தக் கைகளின் வேகத்தையும் நேர்த்தியையும் பார்த்தால் கருவியைக் குறை சொல்ல வாய் வராது.

ஜெர்மனியின் தெற்கே ராய்ட்லிங்கன் ஊரில் 1854இல் தொடங்கிய டினா என்ற கம்பெனி தோட்டக்காரர்களுக்கான மடக்குக் கத்தி செய்கிறது. அதில் ஒன்றை சந்தூருக்குக் கொண்டுபோனேன். வால்நட் மரக் கைப்பிடி, உள்ளே பித்தளைத் தகடு, கார்பன் எஃகு அலகு. அலகின் ஒரு பக்கம் சாய்வாகத் தீட்டியிருக்கும். மறுபக்கம் முழுத் தட்டை, எங்கள் சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்துப் பார்க்கலாம். வீட்டுக் கத்தி இருபுறமும் சாய்ந்திருப்பதால் மரத்தில் இறங்கும்போது தன்னை அறியாமல் வளைந்து வெளியேறும். ஒரு பக்கம் தட்டையாக இருந்தால் அந்தப் பக்கமே மரத்தின் மேல் படிந்து வழிகாட்டும்.

அங்கே மூத்த அக்கா ஒருவர் வாங்கிச் சீவினார். கத்தி குச்சிக்குள் குத்திக்கொண்டு இறங்கியது. இன்னொரு தரம், அதேதான்.

“இது எனக்கு ஒத்து வரல தம்பி.”

பக்கத்திலிருந்த பெண் வாங்கினார். ஒரே இழுப்பு. சீவிய பரப்பை வெளிச்சத்துக்குக் காட்டினார், கண்ணாடித் துண்டு போல மின்னியது. “பிளேடுன்னா வளைஞ்சு குடுக்கும்ணா. இது நம்ம சொன்ன பக்கம் போவுது.”

அப்புறம்தான் கவனித்தேன், மூத்தவருக்கு இடக்கைப் பழக்கம். அவர் கையில் சாய்ந்த பக்கம் மரத்தின் மேல் விழுந்திருக்கிறது, தட்டைப் பக்கம் வெளியே. கத்தியில் குறையில்லை, அது வலக்கைக்காரருக்கான கத்தி. அந்தக் கம்பெனி இடக்கைக்காரர்களுக்கு எதிர்ப்பக்கம் தீட்டிய அலகைத் தனியாகவே செய்கிறது. விற்பனையில் சிறு பங்காகவே இருக்கக்கூடிய ஆட்களுக்காகத் தனிச் சாணை, தனி அச்சு. அந்த ஒரு முடிவில்தான் அவர்களுடைய கைவேலையின் மரியாதை முழுவதும் இருப்பதாக எனக்குப் படுகிறது.

மாம்பால் பட்ட அலகு சாயங்காலத்துக்குள் நீலமும் கறுப்புமாக மாறியிருந்தது. கார்பன் எஃகு அப்படித்தான். துடைத்து எண்ணெய் போட வேண்டும், போட்டால் தலைமுறை தாண்டும். எவர்சில்வர் வகை எஃகு துருப்பிடிக்காது, ஆனால் சாதாரணக் கல்லில் இந்த அளவு மெல்லிய கூரைத் திரும்பக் கொண்டுவருவது சிரமம். ஒட்டுக்கட்டுகிற கைக்கு முதலாவதே நல்லது.

*

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர் பக்கத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். இந்த மாவட்டத்து நடுகற்களில் குறுவாள் பிடித்த கைகளுக்குக் குறைவில்லை. இன்றும் கிராமத்துக் கொல்லர் லாரிப் பட்டையை அடித்து அருமையான அரிவாள் தருகிறார். பழமை, எஃகு, கை எதுவும் இங்கே புதிதாக வர வேண்டியதில்லை.

ஆனாலும் சந்தூருக்கு ஏற்ற ஒட்டுக்கத்தி ஓசூரில் செய்யப்படவில்லை. இரண்டு ஊருக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம். கார் பாகத்துக்கு மைக்ரான் கணக்கில் தட்டை பிடிக்கிற கிரைண்டர்கள் ஒரு பக்கம், பிளேடை விரலில் இடுக்கி ஆயிரக்கணக்கில் ஒட்டுக்கட்டும் பெண்கள் மறுபக்கம். நடுவில் யாரும் நடக்கவில்லை.

அதனால் நோட்டில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன். ஓ.ஹெச்.என்.எஸ். எஃகு, 2.5 மில்லிமீட்டர். ராக்வெல் 58 வாக்கில் பதம். தட்டைப் பக்கம் சர்ஃபேஸ் கிரைண்டிங், பிறகு கல்லில் கையால். கைப்பிடிக்கு நம் ஊர் மாமரத்தையே வைத்துப் பார்க்கலாம், வெடிக்குமா என்பதை முதல் மழைக்காலம் சொல்லும். மடக்கும் பகுதியும் ஸ்பிரிங்கும் அடுத்த கட்டம். முதலில் மடக்காத கத்தியாகவே போகட்டும். முதல் அலகு அந்த அக்காவுக்கு, இடக்கைக்கு.