சாட்சியும் கர்த்தாவும்

பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணம் 64 திருவிளையாடல்களைச் சொல்லுகிறது. அவற்றுள் இறுதியாக வைக்கப்பட்டிருப்பது ஒரு விவாகத்துக்குச் சாட்சி வந்த கதை. தாய்தந்தையரை இழந்த வணிகர் குலப் பெண்ணொருத்தியை மதுரைக்கு அழைத்துவந்த முறைமாப்பிள்ளை, வழியில் திருப்புறம்பயத்தில் இரவு தங்கியபோது அரவு தீண்டி மாண்டு, திருஞானசம்பந்தரின் அருளால் உயிர் பெற்று, அவர் சொற்படி அவ்விடத்திலேயே அவளை மணந்துகொண்டான். உற்றார் இல்லை, ஊரார் இல்லை; அருகில் இருந்தவை ஒரு வன்னி மரமும் ஒரு கிணறும் ஒரு சிவலிங்கமுமே. பின்னர் மதுரையில் அவனுடைய முதல் மனைவியான மூத்தாளுக்கும் இளையாளுக்கும் பூசல் மூண்டு, இந்தக் கலியாணத்தைக் கண்டவர் யாரென்று மூத்தாள் இகழ்ந்து கேட்க, இளையாள் இறைவனை வேண்ட, அம்மூன்றும் மதுரைத் திருக்கோயிலின் ஈசான திக்கில் வந்து தோன்றின என்பது புராணம். திருப்புறம்பயத்து ஈசனுக்குச் சாட்சிநாதர் என்னும் திருநாமம் இன்றும் வழங்குகிறது.

இக்காலத்து இளையாளுக்கு இத்துணைச் சிரமம் இல்லை. ஆல்பத்தை எடுத்து மூத்தாளின் மடியில் வைத்தால் வழக்குத் தீர்ந்துவிடும். ஆயினும், மரமும் கிணறும் இலிங்கமும் அன்றிரவு என்ன செய்தன என்று ஒருவர் கேட்பாரானால், ஒன்றும் செய்யவில்லை என்பதே விடையாகும். மாப்பிள்ளையைச் சற்று வலப்புறம் திரும்பும்படி அவை சொல்லவில்லை. பெண்ணின் மோவாயை உயர்த்தச் சொல்லவில்லை. முகூர்த்தத்தைச் சிறிது நிறுத்திவைக்கவும் இல்லை. நடந்ததைக் கண்டன, கேட்டபோது வந்து சொல்லின. இன்று கலியாணத்துக்குப் புகைப்படக்காரரை ஏற்பாடு செய்ய முனைவோர், விலையையும் ஆல்பத்தின் பக்கங்களையும் பேசுவதற்கு முன்பாக யோசிக்கவேண்டிய தத்துவப் பிரச்சினை ஒன்று இக்கதைக்குள் இருக்கிறதென்று நான் நினைக்கிறேன். மணமேடையில் கேமராவுடன் நிற்பவர் சாட்சியா, கர்த்தாவா?

சாட்சி என்பதை நம்முடைய தத்துவ ஞானிகள் இலேசான பொருளாகக் கருதியவர்கள் அல்லர். ஒரே மரத்தில் இரண்டு பறவைகள் அமர்ந்திருக்க, ஒன்று கனியை உண்ண, மற்றொன்று உண்ணாமல் பார்த்துக்கொண்டிருப்பதாக முண்டகோபநிடதம் காட்டும் சித்திரத்தில், பார்த்துக்கொண்டிருக்கும் பறவையையே உயர்ந்ததாகக் கொண்டு வேதாந்திகள் வியாக்கியானம் செய்தார்கள். செயலில் கைவைக்காமலும் பயனில் பங்கு கேட்காமலும் இருந்து காண்பதே சாட்சித்தன்மை. விவாகம் என்னும் சம்ஸ்காரமோ எந்த நெறியினரிடத்தும் சாட்சியை வேண்டி நிற்பது. வைதிகர் அக்கினியைச் சாட்சியாக வைக்கிறார்கள். நிக்காஹுக்குச் சாட்சிகள் வேண்டும். தேவாலயத்துப் பதிவேட்டில் சாட்சிகள் கையொப்பமிடுகிறார்கள். புரோகிதரும் அக்கினியும் வேண்டாமென்று சொன்ன சுயமரியாதை இயக்கத்தாருங்கூடச் சாட்சியை வேண்டாமென்று சொல்லவில்லை. 1955ஆம் ஆண்டு இந்து விவாகச் சட்டத்தில், அண்ணாவின் ஆட்சிக் காலத்தில் தமிழ்நாட்டுக்கென்று சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவு, உற்றார் நண்பர் பிறர் முன்னிலையில் மாலை மாற்றினாலும் மோதிரம் அணிவித்தாலும் தாலி கட்டினாலும் போதுமென்கிறது. மந்திரத்தை விட்டவர்களும் முன்னிலையை விடவில்லை என்பது எனக்கு எப்போதும் சுவாரசியமாகத் தோன்றுவதுண்டு.

இனி, அந்த முன்னிலை இன்று எவ்வாறு இருக்கிறதென்று பார்ப்போம். கெட்டிமேளம் முழங்குகிறது. அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு, அரைமணி நேரமாக அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருந்த பெரியவர்கள் எழுந்து நிற்கிறார்கள். அவர்களுக்கும் மணமக்களுக்கும் இடையில் போட்டோகிராபர் இருவர், வீடியோக்காரர் இருவர், விளக்குப் பிடிக்கும் பையன் ஒருவன் என்று ஒரு மதில் எழும்பிவிடுகிறது. சபையோர் தூவும் அட்சதை அம்மதிலின் முதுகில் விழுகிறது. மணமக்களுக்கு உரிய ஆசீர்வாதத்தில் பெரும்பகுதியைப் பெற்றுக்கொள்பவர்கள், ஒரு முகூர்த்த நாளும் தவறாமல், அவர்களே. மங்கலநாண் ஏறுவதைச் சபையோர் பக்கத்திலுள்ள எல்.இ.டி. திரையில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். எந்தச் சாட்சிகளை முன்னிட்டு விவாகம் விவாகமாகிறதோ, அவர்களை அப்புறப்படுத்திவிட்டு அந்த விவாகத்துக்குச் சாட்சியம் தயாரிக்கப்படுகிறது!

இதனினும் பெரிய விபரீதம் ஒன்றுண்டு. முடிச்சு விழுந்த கணத்தில் யாரோ ஒருவரின் தலை குறுக்கே வந்துவிட்டது. உடனே மாப்பிள்ளையைப் பார்த்து, தாலியைப் பிடித்தபடி இன்னொரு தரம் கைவைக்கச் சொல்கிறார்கள். அவரும் கட்டிய முடிச்சின்மேல் மறுபடி கைவைத்துக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். புரோகிதர் வாளாவிருக்கிறார், நாயனக்காரர் சில சமயம் மறுபடியும் ஊதிவிடுகிறார். இவ்விரண்டாவது தாலிகட்டு என்ன கிரியை? முதலாவது விவாகமென்றால் இரண்டாவது நடிப்பு. ஆனால் ஆல்பத்தில் ஏறி, சட்டமிட்டுச் சுவரில் தொங்கி, பேரன் பேத்திகளுக்குக் காட்டப்படப்போவது அந்த நடிப்பே. காணக்கூடிய பயன் ஒன்று கிடைக்கும்போது காணாத பயனைக் கற்பித்துக்கொள்ள வேண்டாமென்பது மீமாம்சகர்களின் நியாயங்களுள் ஒன்று. யாகத்தின் அங்கங்களை ஆராய்வதற்காக அவர்கள் வகுத்த அந்த நியாயத்தை நாம் கலியாண மண்டபத்துக்குக் கொண்டுவந்து, படமாகிய கண்கண்ட பயன் கைக்கு வந்துவிட்டபடியால் மற்றப் பயன் எதுவும் இதற்கு இல்லையென்று தீர்மானித்துவிட்டோம் போலும்.

சப்தபதியின் கதியும் இதுவே. அக்கிரியை வழக்கத்திலுள்ள குடும்பங்களில் ஏழாவது அடி வைக்கும்போதுதான் விவாகம் பூர்த்தியாகிறதென்று 1955ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுகிறது. ஆனால் தாலி ஏறியவுடன் பாதிப் பந்தல் சாப்பாட்டுக்கு எழுந்துவிட, மொய்க் கவருடன் மறுபாதி மேடையேற, போட்டோக்காரரும் அவர்களை வரிசைப்படுத்துவதில் முனைந்துவிட, அந்த ஏழடிகள் கவனிப்பாரற்று நடந்து முடிகின்றன.

இவ்வளவுக்கும் போட்டோகிராபரைக் குற்றம் சொல்வது எளிது, நியாயமாகாது. காண்பவன் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அவன் இருப்பே காட்சியை நடத்துகிறதென்பது சாங்கியர்களின் கொள்கை. புருஷன் செயலற்ற சாட்சி. பிரகிருதியோ அவன் சந்நிதானத்திலேயே இயங்குவது. அரங்கில் தன்னைக் காட்டிவிட்டு ஒதுங்கும் நர்த்தகியை அதற்கு உவமையாக வைக்கிறது ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை. மண்டபத்தில் கேமரா ஒரு மூலையில் சும்மா இருந்தாலும் மணப்பெண்ணின் தோள் நிமிர்கிறது, சம்பந்தியின் சிரிப்பு ஒரு மாத்திரை நீள்கிறது. ஆகவே முற்றிலும் தீண்டாத சாட்சி என்பது கேமராவுக்கு எட்டாத பதவி. எட்டுவது ஒன்றே: தன் சந்நிதானத்தால் விளையும் சலனத்தைக் குறைத்துக்கொள்வது.

முற்காலத்துக் கேமராவுக்கு இந்தச் சங்கோசம் இயல்பாகவே இருந்தது. 120 என்று வழங்கிய சுருளில் சதுரப் படமாக எடுத்தால் 12 படங்கள். பின்னாளில் பரவிய 35 மில்லிமீட்டர் சுருளில் 36. ஒரு தரம் எரிந்தால் எறிந்துவிட வேண்டிய பல்புகள் வேறு. எதை எடுப்பது, எதை விடுவது என்ற விவேகத்தைச் சுருளின் நீளமே கற்றுக்கொடுத்தது. மாலை மாற்றலுக்கு ஒன்று, தாலிக்கு ஒன்று, பெரியவர்களோடு ஒன்று என்று எடுத்துவிட்டு, அந்த மனிதர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். இன்று மெமரி கார்டில் ஆயிரக்கணக்கில் இடமிருக்கிறது. விடுவது என்ற கிரியை தொழிலிலிருந்தே மறைந்துவிட்டது. எடுத்தவரே முழுவதையும் பார்ப்பதில்லை, பிறர் பார்ப்பது எங்ஙனம்?

அப்படியானால் கலியாணத்துக்குப் படமே வேண்டாமென்பது என் கட்சியா என்றால், இல்லை. கைலாயத்தில் நடந்த தெய்வத் திருமணத்துக்கு மூவுலகமும் திரண்டு வடதிசை தாழ்ந்தபோது, பூமியைச் சமன்செய்யத் தெற்கே அனுப்பப்பட்ட அகத்தியர் அந்தக் காட்சியை இழந்தார். இழந்தவருக்கு இறைவன் தன் மணக்கோலத்தைத் தென்னாட்டிலேயே காட்டியருளினான் என்று பல தலங்கள் உரிமை கொண்டாடுகின்றன. திருமறைக்காட்டுக் கருவறையில் இலிங்கத்தின் பின்னே அம்மணக்கோலத்தை இன்றும் தரிசிக்கலாம். வரமுடியாதவனுக்கும் விவாகத்தின் காட்சியில் பாத்தியதை உண்டென்பதை இதைவிட அழகாகச் சொல்லிவிட முடியாது. விடுப்புக் கிடைக்காமல் அயல்நாட்டில் தங்கிவிட்ட தம்பியும், படுக்கையை விட்டு எழ முடியாத பாட்டியும், இன்னும் பிறவாத பேரனும் அகத்தியருடைய வரிசையில் நிற்பவர்கள்தாம். திருவெண்காட்டில் கிடைத்துத் தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கும் 11ஆம் நூற்றாண்டுக் கலியாணசுந்தரர் செப்புத்திருமேனியைப் பார்த்தவர்களுக்கு, விவாகத்தை உருவத்தில் நிறுத்துவது நம் மரபுக்குப் புறம்பானதென்று சொல்ல நாவெழாது. திருமால் தாரை வார்க்க நிற்க, ஈசன் பிடித்த கையில் தன் கையை வைத்து நாணித் தலைசாய்ந்திருக்கும் அந்த அம்பிகை எவருக்காகவும் நிற்கவில்லை. தன் விவாகத்தில் இருக்கிறாள்.

ஆல்பத்தின் வேறொரு தருமத்தை அதை வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் அறிவதில்லை. நம் வீடுகளில் மாலையிட்டுத் தொங்கும் தாத்தா பாட்டியின் படங்களில் பல, யாரோ ஒருவருடைய கலியாணப் படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கப்பட்டவை. அவர்கள் படமெடுத்துக்கொள்வதற்கென்று புறப்பட்டுப் போனவர்கள் அல்லர்; பேத்தியின் கலியாணத்தில் பட்டுடுத்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவே. மணமக்களை எடுப்பதாக நினைத்துக்கொண்டு, போட்டோகிராபர் அன்று ஒரு குடும்பத்தின் பித்ருக்களையும் எடுத்துக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளையும் பெண்ணும் கடற்கரையில் கைகோத்து ஓடிய படத்தை இருபது வருஷத்துக்குப் பிறகு எவரும் தேடப்போவதில்லை. பெரியப்பா தெளிவாக விழுந்த படம் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுவார்கள்.

அம்மி மிதித்தபின் அருந்ததி காட்டும் கிரியையை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் கேமராவின் எல்லை எனக்குத் துலக்கமாகத் தெரியும். பட்டப்பகலில், கண்ணுக்குப் படாத நட்சத்திரம் ஒன்றைக் கணவன் விரல்நீட்டிக் காட்ட, மனைவி கண்டேனென்று தலையசைக்கிறாள். படத்தில் விழுவது நீட்டிய விரலும் நிமிர்ந்த முகமுமே. வேதாந்திகள் ஸ்தூலாருந்ததி நியாயமென்று ஒன்றைச் சொல்வார்கள்: நுண்ணிய அருந்ததியை எடுத்தவுடன் காட்ட இயலாதாகையால், அதனருகிலுள்ள பெரிய நட்சத்திரத்தை முதலில் அருந்ததியென்று காட்டி, கண் அதில் பதிந்தபின் அதை விலக்கி உண்மையான அருந்ததிக்குக் கொண்டுபோவது. ஆல்பத்தை நான் அந்தப் பெரிய நட்சத்திரமாகவே வைக்கிறேன். அதில் பதிந்த கண் அதற்கப்பால் போகாமல், அங்கேயே நின்றுவிடுவதுதான் பிழை.

இந்தச் சித்தாந்தத்தைக் கைக்கொள்ளும் குடும்பத்தார் போட்டோகிராபரை எவ்வாறு தேர்ந்துகொள்வது? பொறுக்கி எடுத்த இருபது நல்ல படங்களை வைத்திராதவர் இத்தொழிலில் எவரும் இல்லை. ஆகையால் ஏதேனும் ஒரு கலியாணத்தின் முழுத் தொகுப்பையும், அந்த வீட்டாரின் சம்மதத்தோடு, முதற்படம் முதல் கடைசிப்படம் வரை காட்டும்படி கேட்க வேண்டும். அதில் தாலிகட்டும் படங்களைத் தேடி, அவற்றின் ஓரங்களில் சபையோரின் முகங்கள் தெரிகின்றனவா, அல்லது வேறு கேமராக்காரர்களின் முதுகுகள் தெரிகின்றனவா என்று பார்க்கலாம். ஒருவருடைய வேலை முறை அதிலேயே விளங்கிவிடும். பேசுகிறவர் தாமே வருவாரா, வேறு ஆளை அனுப்புவாரா என்பதையும், உங்கள் வழக்கப்படியான கலியாணத்தில் முன்பு நின்றிருக்கிறாரா என்பதையும் கேட்க வேண்டும். காசியாத்திரை எப்போது, ஊஞ்சல் எப்போது என்று அறியாதவர் அறிந்துகொள்வதற்காகவே கிரியையை நிறுத்துவார். அட்வான்ஸ், ஆல்பம் கைக்கு வரும் தேதி, படங்களுக்குப் பிரதி எங்கே வைப்பார் என்பவையெல்லாம் காகிதத்தில் இருக்கட்டும். இவற்றைப் பற்றி நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை, சொல்லித்தர ஊரில் ஆள் உண்டு.

நம் பக்கத்துக் கடமையும் உண்டு. கிரியைகளின் வரிசையை எழுதி முன்னதாகவே அவர் கையில் கொடுக்க வேண்டும். குடும்பத்தில் விவரமறிந்த ஒருவரை அவரருகில் நிறுத்தி, இவர் பெரிய அத்தை, இவர் தாய்மாமன் என்று காட்டிக்கொடுக்கச் செய்ய வேண்டும். வயதானவர்களை, அவர்கள் களைப்படைவதற்கு முன்பு, காலை வெளிச்சத்தில், உட்காரவைத்து நிதானமாக எடுத்துவிட வேண்டும். விடியற்காலை முதல் நின்று வேலை செய்பவர்களைப் பந்தியில் மறந்துவிடாமல் உட்காரவைப்பதும் விருந்தோம்பலில் சேர்ந்ததே. மாமன் மைத்துனர் கைப்பேசிகளை உயர்த்திக்கொண்டு மேடையேறி வழிமறித்தால் அவர்களை இறக்குவது வீட்டாரின் வேலை, கூலிக்கு வந்தவரின் வேலையன்று.

ஒப்பந்தக் காகிதத்தின் கடைசியில் இரண்டு நிபந்தனைகளை உங்கள் கையாலேயே எழுதிவிடுங்கள்: மங்கலநாண் ஏறும் வேளையில் சபையோருக்கும் மணமக்களுக்கும் நடுவில் எவரும் நிற்கலாகாது, நடந்து முடிந்த எந்தக் கிரியையையும் படத்துக்காக மறுமுறை செய்யச் சொல்லலாகாது. இதற்குச் சம்மதிப்பவருக்கு, அவர் கேட்கும் தொகை சற்று அதிகமானாலும், கொடுங்கள். அப்படியெல்லாம் படம் வராதென்று சொல்பவர் எவ்வளவு கீர்த்தி பெற்றவராயினும், வணக்கம் சொல்லி அனுப்பிவிட்டு வேறொருவரைத் தேடுங்கள்.