தொடக்கம் ஊரறிந்த நாடகத்தின் கடைசிக் களம்

மனோன்மணீயத்தின் தொடக்கத்தை அறியாதவர் தமிழ்நாட்டில் இல்லை. அதன் பாயிரத்தில் உள்ள தமிழ்த் தெய்வ வணக்கத்தின் வரிகளைத்தான் 1970-லிருந்து அரசு விழாக்களில் எழுந்து நின்று பாடுகிறோம். 2021 டிசம்பரில் அது மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பட்டது. அந்த வணக்கத்துக்குப் பிறகு 5 அங்கங்கள், 20 களங்கள் கொண்ட ஒரு நாடகம் இருக்கிறது. அது நடக்கும் ஊர் திருநெல்வேலி. நாடகம் எப்படி முடிகிறது என்று கேட்டால், திருநெல்வேலியிலேயே பதில் சொல்பவர்கள் குறைவு. தமிழ் நாடகங்களில் இவ்வளவு யோசித்து அமைத்த முடிவு வேறு ஏதும் உண்டா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். அதனால் அந்தக் கடைசிக் களத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

எழுதியவர் பெ. சுந்தரம் பிள்ளை. 1855-ல் ஆலப்புழையில் பிறந்தவர், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். நடுவே சில காலம் திருநெல்வேலியில் ஆசிரியப் பணி பார்த்தார். தாமிரபரணிக் கரையிலுள்ள கோடகநல்லூர் சுந்தர சுவாமிகள் அவருடைய ஞானகுரு. நாடகம் 1891-ல் அச்சேறியது. 42 வயதைத் தொட்டவுடன், 1897-ல் அவர் காலமானார். இன்று அபிஷேகப்பட்டியில் இருக்கும் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கதை இது. பாண்டியன் ஜீவகன், அமைச்சன் குடிலன் சொல்லைக் கேட்டு மதுரையை விட்டுத் திருநெல்வேலிக்கு வந்து பெரிய கோட்டை கட்டுகிறான். ஆட்சியைத் தானே பிடிக்க வேண்டும் என்பது குடிலனின் எண்ணம். அரசனோ அவன் பேச்சை வேதவாக்காக நம்புகிறான். கோட்டையைப் பார்க்க வரும் குலகுரு சுந்தர முனிவர் அதன் பெருமையில் மயங்கவில்லை. அரண்மனையில் ஓர் அறையையும் அதன் திறவுகோலையும் பூசைக்கென்று கேட்டு வாங்கிக்கொள்கிறார். அந்த அறையிலிருந்து ஊருக்கு வெளியே உள்ள தம் ஆசிரமம் வரை யாருக்கும் தெரியாமல் ஒரு சுருங்கை அமைக்கிறார். சுருங்கை என்றால் நிலத்தடி வழி. இது முதல் அங்கத்து விஷயம். படிக்கிறவர் இதைப் பெரிதாக எண்ணாமல் கடந்து போவார். அப்படிக் கடந்து போக வேண்டும் என்றுதான் ஆசிரியரும் எழுதியிருக்கிறார்.

அரசன் மகள் மனோன்மணி தான் கனவில் கண்ட ஒருவனை நினைத்து உருகுகிறாள். அவன் சேர நாட்டரசன் புருடோத்தமன். அவன் கனவிலும் இவள் வருகிறாள். ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. முனிவர் இவர்கள் திருமணத்துக்கு வழி சொல்கிறார். குடிலன் தூது அனுப்பும் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, மகன் பலதேவனைத் தூதனாக அனுப்புகிறான். திருமணம் பேசப் போன தூது நாஞ்சில் நாட்டுச் சண்டையாக முடிகிறது. சேரன் படையெடுத்து வருகிறான், பாண்டியன் தோற்றுக் கோட்டைக்குள் முடங்குகிறான். மகளை மட்டுமாவது காப்பாற்ற வேண்டும். முனிவர் சுருங்கையைச் சொல்கிறார். நம்பித் தொலைத்த அரசன் அந்த இரகசியத்தையும் குடிலனிடமே சொல்லிவிடுகிறான்.

இங்கிருந்து வேகம் கூடுகிறது. இரவோடு இரவாக மனோன்மணியைப் பலதேவனுக்கு மணம் முடித்துவிடலாம் என்று குடிலன் ஆலோசனை சொல்கிறான். அரசன் ஒப்புகிறான். கனவுக் காதலனை மனத்தில் வைத்துக்கொண்டே, தந்தையின் துயரத்துக்காக மனோன்மணியும் ஒப்புகிறாள். குடிலன் அதோடு நிற்கவில்லை. சுருங்கை வழியே தானே வெளியேறிச் சேரனிடம் போய், கோட்டைக்குள் நுழையும் வழியைக் காட்டிக்கொடுக்க முயல்கிறான். தன் அரசனையே விற்க வந்தவனைப் புருடோத்தமன் விலங்கிட்டு, அவனையே வழிகாட்டச் செய்து அதே சுருங்கைக்குள் இறங்குகிறான். மேலே மணமேடையில் மனோன்மணி மாலையோடு நிற்கிறாள். பலதேவனுக்குச் சூட்ட வேண்டிய நேரத்தில், கனவில் கண்ட முகம் கண்ணெதிரே நிற்கிறது. மாலை அந்தக் கழுத்தில் விழுகிறது.

இந்த முடிவின் அழகு எங்கே இருக்கிறது என்று கேட்டால், முதலில் சுருங்கையைச் சொல்வேன். அதை முனிவர் அமைத்தது காப்பாற்றுவதற்கு. குடிலன் பயன்படுத்தியது காட்டிக்கொடுப்பதற்கு. கடைசியில் அதன் வழியே வந்தது மாப்பிள்ளை. ஒரே வழி மூன்று பேர் கையில் மூன்று வழியாகிறது. இதில் துரோகத்தின் பங்கும் இருக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். குடிலன் அன்றிரவு சும்மா இருந்திருந்தால் அவன் மகன் அரச குலத்து மருமகன் ஆகியிருப்பான். இன்னும் வேண்டும் என்று போனதுதான் புருடோத்தமனை உள்ளே கொண்டுவந்தது. வில்லனை வெளியிலிருந்து வரும் தெய்வமோ தற்செயலோ வீழ்த்தவில்லை. அவன் குணமே வீழ்த்தியது. முனிவர் செய்ததெல்லாம் அந்தக் குணம் ஓடுவதற்கு ஒரு பாதை போட்டுவைத்தது மட்டும்தான்.

அடுத்தது மாலை. சுந்தரம் பிள்ளை இந்தக் கதையை லிட்டன் பிரபு 1866-ல் வெளியிட்ட ‘மிலேட்டஸின் தொலைந்த கதைகள்’ நூலில் உள்ள ‘இரகசிய வழி’ என்ற கதையிலிருந்து எடுத்தார். அதை மறைக்கவும் இல்லை. லிட்டனுக்கும் முன்னால் இது பழைய கிரேக்க நூலாசிரியர் அதினேயஸ் பதிந்து வைத்த கதை. கனவில் ஒருவரையொருவர் கண்ட இருவர். விருந்தில் இளவரசி தான் விரும்புகிறவனுக்குப் பொற்கிண்ணத்தில் மது கொடுத்துத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது அங்கே உள்ள ஏற்பாடு. அந்தக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நம் ஆசிரியர் மாலையை எடுத்தார். நம் ஊர்ப் பார்வையாளருக்கு மாலை கழுத்தில் விழுந்தால் விழுந்ததுதான். பிறகு வழக்குக்கு இடமில்லை. கிண்ணத்தைப் பாதியில் திருப்பி வாங்கலாம். அரசனும் வீரர்களும் வாளை உருவினாலும் நடந்தது நடந்ததாகிவிடும் ஒரு செயல் வேண்டியிருந்தது. அது மாலையாகவே இருக்க முடியும்.

இன்னொன்று, அந்தச் செயலுக்குப் பேச்சு தேவையில்லை. மனோன்மணீயம் பேச்சு நிறைந்த நாடகம். ஆசிரியப்பாவில் நீளநீளமாகப் பேசுவார்கள். தத்துவ விவாதம் பல பக்கம் போகும். நடுவில் ‘சிவகாமி சரிதம்’ என்று ஒரு தனிக் கதைப்பாட்டே வந்துபோகும். படிப்பதற்கான நாடகம் என்று அதை ஒதுக்கிவைக்கிறவர்கள் இந்த நீளத்தைத்தான் காரணம் காட்டுவார்கள். அவர்கள் கடைசிக் களத்தை மறந்துவிடுகிறார்கள். அத்தனை சொல்லையும் கடந்து வந்து, நாடகத்தின் தலைவிதியை ஒரு பெண்ணின் கை முடிவு செய்கிறது. மேடையை அறிந்த மனத்துக்குத்தான் இது தோன்றும்.

குடிலனை ஷேக்ஸ்பியரின் இயாகோவோடு ஒப்பிடுவது வழக்கம். ஒப்பிட வேண்டிய இடம் குணத்தைவிட நேரம். ‘ஒதெல்லோ’வில் இயாகோவின் சூது வெளிப்படும்போது டெஸ்டிமோனா பிணமாகக் கிடக்கிறாள். உண்மை வந்துசேர்கிறது, ஆனால் பிந்தி வருகிறது. மனோன்மணீயத்தில் விலங்கோடு நிற்கும் குடிலனை அரசன் பார்க்கும்போது இன்னும் எதுவும் கைமீறிப் போகவில்லை. துன்பியலுக்கும் மங்கல முடிவுக்கும் இடையே சில நாழிகைதான் வித்தியாசம் என்று இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் தெரியும். எனக்கு ஒரு குறை உண்டு: ஜீவகன் இவ்வளவு எளிதாகத் தப்பியிருக்க வேண்டாம். தலைநகரை மாற்றி, போரில் தோற்று, மகளையே கொடுக்க இருந்தவன், தன் கண்மூடித்தனத்தின் முன் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம்.

இதே தாமிரபரணிக் கரையில் முடிவைப் பற்றி இன்னொரு பழைய வழக்கமும் இருக்கிறது. கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு தொடங்கும்போதே காப்பும் குரு வணக்கமும் பாடி, வருபொருள் உரைத்தல் என்று கதையின் பொருளைச் சொல்லிவிடுவார்கள். முத்துப்பட்டன் கதையைக் கேட்க உட்காருகிறவருக்கு அவன் சாகப்போவது தெரியும். ஆரியநாயகிபுரத்துப் பிராமணனான அவன், சக்கிலியர் குலத்து அக்காள் தங்கைகளான பொம்மக்கா, திம்மக்காவை மணக்கிறான். மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டு வெல்கிறான். மறைந்திருந்த ஒருவன் அவனைக் குத்திக் கொல்கிறான். மனைவியர் இருவரும் தீப்பாய்கிறார்கள். காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலில் அவன் பட்டவராயன் என்ற தெய்வமாக நிற்கிறான். நேர்ந்துகொண்டவர்கள் இன்றும் தோல் செருப்புகளைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள்.

வில்லில் சாவு வரும் இடம் கதையின் கடைசி அல்ல. உடுக்கையும் குடமும் உச்சத்துக்குப் போய், சாமியாடிக்கு அருள் வருவது அங்கேதான். கதையில் செத்தவன் களத்தில் வந்து நிற்கிறான். அதன் பிறகு வாழி பாடி முடிப்பார்கள். அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலால் இந்தக் கூட்டம் விடிய விடிய உட்கார்ந்திருப்பதில்லை. தெரிந்த முடிவு எப்படி வந்து சேர்கிறது என்பதற்காகவே உட்கார்ந்திருக்கிறது. கயத்தாறில் 1799 அக்டோபர் 16-ல் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மன் கதையை ஊர்தோறும் நாடகமாகப் போட்டதும் இப்படித்தான். சிவாஜி நாடக மன்றம் அதை மேடையேற்றியபோதும், 1959-ல் அது திரைப்படமாக வந்தபோதும், தூக்குமரம் வரப்போகிறது என்பது முதல் வசனத்துக்கு முன்பே எல்லாருக்கும் தெரியும்.

சுந்தரம் பிள்ளையின் முடிவும் இந்த வகையைச் சேர்ந்தது என்று நினைக்கிறேன். ஜீவகனுக்கும் மனோன்மணிக்கும் மட்டும்தான் அது அதிர்ச்சி. பார்ப்பவருக்குக் கனவும் தெரியும், சுருங்கையும் தெரியும், குடிலன் எங்கே போயிருக்கிறான் என்பதும் தெரியும். மணமேடைச் சடங்குகள் நடக்க நடக்க, வர வேண்டியவன் நேரத்துக்கு வருவானா என்ற ஒரு கேள்வியிலேயே மனம் தொங்குகிறது. தத்துவப் பேராசிரியர் ஆயிற்றே, இதற்கு உள்ளுறையும் வைத்திருக்கிறார்: ஜீவகன் உயிர், குடிலன் கோணல் புத்தி, வழி காட்டுபவர் குரு என்று பெயர்களே சொல்கின்றன. அப்படிப் படிக்காமல் போனாலும் களம் தன் காலில் நிற்கிறது.

1942-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் இதைப் பி.யூ. சின்னப்பாவையும் டி.ஆர். ராஜகுமாரியையும் வைத்துப் பெரும் பொருட்செலவில் படமாக எடுத்தது. மேடைக்கு அவ்வளவு செலவு வேண்டாம். திருநெல்வேலிக் கல்லூரி ஒன்று கடைசி இரண்டு அங்கங்களை மட்டும் எடுத்து ஒரு மணி நேர நாடகமாகச் சுருக்கலாம். வேண்டியவை ஒரு கதவு, ஒரு மாலை, ஒரு விலங்கு. செய்யக்கூடாத தவறு ஒன்றுதான்: சுருங்கைக் கதவைப் படுதாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்துக் கடைசியில் திடீரென்று திறப்பது. முதல் களத்திலிருந்தே அது மேடையில் இருக்க வேண்டும், முனிவர் அதைப் பூட்டித் திறவுகோலை மடியில் முடிவதைக் கூட்டம் பார்க்க வேண்டும்.