தையற்கடைப் பை

2004-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லிபியா தன் அணு ஆயுத முயற்சியைக் கைவிட்டு, கையிலிருந்த காகிதங்களை ஒப்படைத்தது. அவற்றுள் ஓர் அணுகுண்டின் வரைபடங்களும் இருந்தன. ஒரு நகரத்தையே சாம்பலாக்கும் வழி எழுதிய தாள்கள் இருந்தது இரும்புப் பெட்டியிலா? இல்லை, இஸ்லாமாபாத் தையற்கடை ஒன்றின் பிளாஸ்டிக் பையில்! நான் கதையில் இப்படி எழுதியிருந்தால், 'நம்பும்படியாக இல்லை' என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

தாள்களில் சில சீன மொழியில் இருந்தன. 1966-இல் சீனா வெடித்துப் பார்த்த குண்டின் அமைப்பு அது என்றார்கள் விஷயமறிந்தவர்கள். சீனா அதைப் பாகிஸ்தானுக்குக் கொடுத்தது, அங்கிருந்து அப்துல் காதிர் கானின் கள்ள வியாபாரத்தில் அது லிபியாவுக்குப் போயிற்று என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. சீனா இதை ஒப்புக்கொண்டதில்லை.

கொடுத்தவன் எதுவரைக்கும் பொறுப்பாளி?

சீனாவே ஒரு காலத்தில் கையேந்தி நின்ற நாடுதான். மாதிரிக் குண்டு ஒன்று தருவதாக 1957-இல் ஒப்பந்தம் செய்துகொண்ட சோவியத் யூனியன், 1959 ஜூனில் தர முடியாதென்று கடிதம் எழுதிவிட்டது. சீனர்கள் அந்த ஆண்டையும் மாதத்தையும் சேர்த்து '596' என்று தங்கள் முதல் குண்டுக்குப் பெயர் வைத்தார்கள். பட்ட அவமானத்தையே பிள்ளைக்குப் பெயராக வைப்பதுபோல! 1964 அக்டோபர் 16-ஆம் தேதி அது வெடித்தது. 'முதலில் நாங்கள் பிரயோகிக்க மாட்டோம்' என்று அன்றைக்கே அறிவிக்கவும் செய்தார்கள்.

'இல்லை' என்ற சொல்லின் வலி அறிந்தவன் சிநேகிதனுக்கு 'இந்தா' என்று கொடுத்தான் என இதைப் பெருந்தன்மையாகக் கொள்ளலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தியாவுக்குப் பக்கத்திலேயே ஓர் எதிரி பலமாக இருக்கட்டும் என்ற கணக்குத்தான் அது. ஆனால் கணக்கில் ஒன்று விட்டுப்போயிற்று. இரவல் கொடுத்த நகையைத் திருப்பிக் கேட்கலாம். சொல்லிக் கொடுத்த வித்தையை எப்படிக் கேட்பது? வாங்கியவன் அதை விற்கவும் விற்றான், தன்னிடமும் வைத்துக்கொண்டான்.

வடகொரியாவுக்கும் அதே கான் யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களைக் கொடுத்ததாக 2005-இல் பாகிஸ்தான் அதிபர் முஷாரஃப் சொன்னார். அந்த வடகொரியாவைச் சமாதானப்படுத்த 2003 ஆகஸ்டில் ஆறு நாடுகள் கூடின. கூடிய இடம் பெய்ஜிங். விருந்தோம்பி நடுவில் அமர்ந்தது சீனா.

'நெருப்பு வைத்தவனே குடத்தோடு வருகிறான்' என்று சிலர் சிரிக்கிறார்கள். நான் சிரிக்க மாட்டேன். எரிகிற வீட்டுக்கு யார் தண்ணீர் கொண்டுவந்தால் என்ன? ஆப்கானிஸ்தான் யுத்தத்துக்காகப் பாகிஸ்தானின் குண்டைக் கண்டும் காணாமலிருந்த அமெரிக்காவும்தான் அந்த மேஜையில் இருந்தது. ஆனால், 'எங்கள் கையிலிருந்தும் இது போயிற்று' என்ற ஒரு வார்த்தையை அங்கே யாராவது சொல்லியிருந்தால், அடுத்தவனைப் பார்த்து 'கீழே போடு' என்பதற்குக் கொஞ்சம் யோக்கியதை வந்திருக்கும். ஒருவரும் சொல்லவில்லை. 2006 அக்டோபரில் வடகொரியா குண்டை வெடித்தது. 2009-இல் பேச்சையும் விட்டு எழுந்து போயிற்று.

அந்தத் தையற்காரரைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். யாரோ ஒருவருடைய சட்டைக்காக அவர் கொடுத்த பை அது.