எந்தப் பள்ளி பேட்ஜ்?

உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது. மாணவர் படைத் தொப்பியில் குத்துகிற சின்னப் பித்தளை பேட்ஜ். அதில் பள்ளிக்கூடத்தின் முத்திரை. அது எந்தப் பள்ளி என்பதைப் பார்த்து ஒருவனுக்கு மரியாதை கொடுப்பது நியாயமா, சொல்லுங்கள்?

பிரிட்டனில் கொடுத்தார்கள். பிரெஞ்சுக்காரன் படையெடுத்து விடுவானோ என்ற பயத்தில் 1859-ல் தொண்டர் படை திரட்டினார்கள். அடுத்த வருஷமே ரோஸால், ஈட்டன் பள்ளிகளில் மாணவர் படை. நம்ம என்.சி.சி.க்கு ஒன்றுவிட்ட தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1908-ல் போர் அமைச்சர் ஹால்டேன் இந்தப் படைகளை ஒழுங்குபடுத்தி, 'அதிகாரிகள் பயிற்சிப் படை' என்று பெயரே வைத்துவிட்டார். ஆக, பையன் சிப்பாய் ஆக மாட்டான், நேராக அதிகாரிதான்!

1914 ஆகஸ்ட். போர் வந்துவிட்டது. ஆர்.சி. ஷெரிஃப் என்ற பதினெட்டு வயது இன்ஷூரன்ஸ் கிளார்க், அதிகாரியாகச் சேர வரிசையில் நிற்கிறார். எந்தப் பள்ளி என்று கேட்டார்கள். கிங்ஸ்டன் கிராமர் ஸ்கூல். முதலாம் எலிசபெத் ராணி 1561-ல் சாசனம் கொடுத்த பள்ளிதான். ஆனால், பட்டியலில் பெயர் இல்லை. போய் வா என்று அனுப்பிவிட்டார்கள். துப்பாக்கி பிடிக்கத் தெரியுமா என்றுகூட யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

'சும்மா வாங்கினார்களா சார் அந்தச் சலுகையை? உயிரைக் கொடுத்தார்களே!' என்பீர்கள். வாஸ்தவம். ஈட்டனில் படித்துப் போருக்குப் போனவர்கள் சுமார் 5,600 பேர். திரும்பாதவர்கள் 1,157. அதாவது ஐந்தில் ஒருவர். ராணுவம் முழுவதற்கும் கணக்குப் போட்டால் எட்டில் ஒருவர்தான்.

நான் பி.காம். ஆசாமி. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். நேராகவில்லை. அந்தப் பையன்களின் வீரம் அவர்கள் சொத்து. அதற்காக அவர்களைக் கும்பிடலாம். ஆனால், செத்தவனின் வீரத்தைக் காட்டி வாசலில் ஒருவனைத் திருப்பி அனுப்பியதை நியாயப்படுத்த முடியுமா? 1914-ல் திருப்பி அனுப்பியபோது, அந்த 1,157 பேரில் அநேகம் பேர் உயிரோடுதானே இருந்தார்கள்?

அதிகாரிகள் மளமளவென்று விழுந்த பிறகு பட்டியலைப் பார்க்க நேரமில்லை. 1916-ல் அதே ஷெரிஃப் அதிகாரி. 1917-ல் பாஷன்டேலில் காயம். 1928-ல் அவர் எழுதிய 'ஜர்னீஸ் எண்ட்' நாடகம் லண்டனில் மேடையேறியது. அதன் நாயகன் யார் தெரியுமா? பப்ளிக் ஸ்கூலில் படித்த ஓர் அதிகாரி. அத்தனை பிரியமாக எழுதியிருக்கிறார் மனுஷர். அவர் மன்னித்துவிட்டார் போலிருக்கிறது. எனக்குத்தான் மனசு வரவில்லை.