'சைலன்ஸ்' என்னும் ஒரு சொல்

ஆங்கில ஆன்மிக நூல்களைத் தமிழாக்கம் செய்பவனை வழியில் நிறுத்தி வைப்பவை பெரும்பாலும் கடினமான தத்துவச் சொற்கள் அல்ல. அவற்றுக்கு அகராதி உண்டு, மரபும் உண்டு. எல்லோருக்கும் தெரிந்த எளிய சொற்களே தடுமாற வைக்கின்றன. 'சைலன்ஸ்' அத்தகைய ஒரு சொல். மருத்துவமனைச் சுவரிலும் நூலக மேஜையிலும் எழுதப்பட்டிருக்கும் அதே சொல் உபநிடத மொழிபெயர்ப்புகளிலும் வருகிறது. அதை ஓரிடத்தில் 'நிசப்தம்' என்று எழுத வேண்டும், வேறோரிடத்தில் 'பேசாதிருத்தல்', இன்னோரிடத்தில் 'அமைதி'. மிகச் சில இடங்களில் மட்டுமே அது 'மௌனம்'. எனவே ஒவ்வொரு முறையும் 'எந்தச் சைலன்ஸ்?' என்று கேட்டுக்கொள்ள நேர்கிறது. அன்பர்களே, இந்தக் கேள்வி சாதகர்கள் ஒவ்வொருவருக்கும் உரியது.

இச்சொல்லின் வேர் லத்தீன் மொழியில் உள்ளது. அம்மொழியில் இதற்கு இரண்டு வினைச்சொற்கள் இருந்தன. 'தகேரே' என்பது பேசக்கூடிய ஒருவன் பேசாமல் இருப்பது. 'சிலேரே' என்பது ஓசை அடங்கியிருப்பது. இரவுக்கும் காட்டுக்கும்கூட அது பொருந்தும். வழக்கில் இரண்டும் கலந்தன என்பது உண்மையே. இரண்டாவதிலிருந்து பிறந்த 'சைலன்ஸ்' இன்று ஆங்கிலத்தில் இரண்டு சுமைகளையும் சேர்த்தே தாங்குகிறது.

ஓசை அடங்குவதை அளந்துவிடலாம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை 'சைலன்ஸ்' மண்டலமாக அறிவிக்கலாம் என்கின்றன. அங்கே பகலில் 50 டெசிபல், இரவில் 40 டெசிபல் என்பது வரம்பு. நல்ல சட்டம்தான். ஆனால் அந்த மண்டலத்தின் நடுவில் அமர்ந்திருப்பவனின் மனம் எத்தனை டெசிபலில் இரைகிறது என்பதைக் காட்டும் கருவி இல்லை.

பேசாதிருத்தலோ இதைவிடச் சிக்கலானது. வியப்பாக, அதை மிக நுட்பமாக ஆராய்ந்திருப்பது ஒரு வணிகச் சட்டம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-ஆம் பிரிவில் குதிரை வியாபாரத்தை எடுத்துக்காட்டாகத் தருகிறது. ஒருவன் நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்கிறான். குறையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது மோசடி ஆகாது. ஆனால் வாங்குபவள் இப்போதுதான் வயது நிரம்பிய அவனுடைய சொந்த மகள் என்றால், சொல்ல வேண்டிய கடமை அவனுக்கு உண்டு. அல்லது வாங்க வந்தவர், "நீங்கள் மறுக்கவில்லை என்றால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்" என்ற கருத்தில் பேசுகிறார். விற்பவன் வாய் திறக்கவில்லை. அப்போது அந்தப் பேசாமையே பேச்சுக்குச் சமம் என்கிறது சட்டம்.

பேசாமையும் பொய் சொல்லும்! இதைக் கேட்கும்போது கௌரவர் சபை நினைவுக்கு வராமல் போகாது. தன்னையே தோற்றுவிட்ட ஒருவருக்குத் தன்னைப் பணயம் வைக்க உரிமை உண்டா என்று திரௌபதி கேட்டாள். தர்மம் நுட்பமானது, தம்மால் முடிவு கூற இயலவில்லை என்றார் பீஷ்மர். மற்றப் பெரியோர்கள் வாளாவிருந்தனர். துரியோதனனின் தம்பியாகிய விகர்ணன்தான் எழுந்து நியாயம் பேசினான். விடை தெரிந்தும் சபையில் சொல்லாதிருப்பவனுக்குப் பொய்யின் பாவத்தில் பாதி சேரும் என்று விதுரர் அங்கே எச்சரித்தார். அந்தச் சபையில் அன்று இருந்தது நிசப்தம், பேசாமையும் இருந்தது. அதை மௌனம் என்று மொழிபெயர்க்க எந்த மொழிபெயர்ப்பாளனுக்கும் மனம் வராது.

நம் வீடுகளிலும் இது நடக்கிறது. கணவனும் மனைவியும் நான்கு நாள் பேசிக்கொள்ளாமல், குழந்தையைத் தூதனுப்பிக் காப்பி கேட்பதை 'மௌன விரதம்' என்று வேடிக்கையாகச் சொல்கிறோம். அங்கே நாக்கு மட்டுமே ஓய்வெடுக்கிறது. கோபம் முழுநேரப் பணியில் இருக்கிறது. சத்சங்கத்துக்கு வரும் அன்பர்களிடையே இதன் வேறொரு வடிவமும் உண்டு. கண்ணெதிரே ஓர் ஏழைக்கு அநீதி நடக்கும்போது, 'நமக்கேன் வம்பு, நாம் சாதகர்கள்' என்று ஒதுங்கிக்கொள்வது. இது தியானத்தின் பெயரால் வந்த அச்சம் என்றே நான் கருதுகிறேன்.

அப்படியானால் எதுதான் மௌனம்? பகவத் கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் பகவான் தவத்தை உடல், வாக்கு, மனம் என்று மூன்றாகப் பிரிக்கிறார். மௌனம் வாக்கின் தவத்தில் இருக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்போம். அங்கே அது இல்லை! பிறரை வருத்தாத, உண்மையான, இனிமையான, நன்மை தரும் பேச்சும் வேதம் ஓதுதலுமே வாக்கின் தவம். அதாவது, வாக்கின் தவம் பேசுவதில் இருக்கிறது. மௌனமோ மனத்தின் தவத்தில் வைக்கப்பட்டுள்ளது. வாக்கின் அடக்கத்துக்கு முன்னதாக மன அடக்கம் இருந்தாக வேண்டும். எனவே விளைவின் பெயரால் காரணமே இங்குச் சுட்டப்படுகிறது என்று விளக்குகிறார் சங்கரர். மௌனம் என்ற சொல்லே 'முனி' என்பதிலிருந்து வந்தது. முனி என்பவர் மனனம் செய்பவர், வாய் மூடியவர் அல்லர்.

காந்தியடிகள் திங்கட்கிழமைதோறும் பேசாதிருப்பார். 1947 ஜூன் 2 ஒரு திங்கட்கிழமை. நாட்டுப் பிரிவினைத் திட்டம் பற்றிப் பேச மவுண்ட்பேட்டன் அழைத்திருந்தார். பயன்படுத்திய பழைய உறைகளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதியே அடிகள் பதிலளித்தார். உயர் பொறுப்பில் இருப்போருடன் அவசரக் காரியம், நோயாளிக்குப் பணிவிடை என்னும் இரண்டுக்கு மட்டும் விரதத்தில் விலக்கு வைத்திருப்பதாகவும் அதில் எழுதினார். அந்த விலக்கையும் அன்று பயன்படுத்தவில்லை. அவர் பேசியிருக்க வேண்டுமா என்று இன்றும் விவாதிப்போர் உண்டு. என் மனம் நிற்பது அந்த இரண்டாவது விலக்கில். நோயாளியின் அருகில் விரதம் விலகிக்கொள்கிறது.

இனி, மொழிபெயர்ப்பாளனை மிகவும் சோதிக்கும் இடத்துக்கு வருவோம். பிரம்ம சூத்திர பாஷ்யத்தில் சங்கரர் ஒரு பழைய நிகழ்ச்சியை எடுத்தாள்கிறார். பிரம்மத்தைப் பற்றி உபதேசிக்குமாறு பாத்வரிடம் பாஷ்கலி கேட்டார். பாத்வர் பேசவில்லை. இரண்டாம் முறை கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டார். பிறகு, தாம் சொல்லிக்கொண்டுதான் இருப்பதாகவும் பாஷ்கலிக்குத்தான் புரியவில்லை என்றும் கூறிய குரு, ஆத்மா 'உபசாந்தம்' என்றார்.

'உபசாந்தம்' என்பதை ஆங்கிலத்தில் 'சைலன்ட்' என்று மொழிபெயர்த்தவர்கள் உண்டு. அதை அப்படியே தமிழில் 'ஆத்மா பேசாதது' என்று எழுதினால் பாதி போய்விடும். 'ஓய்ந்தது' என்று எழுதலாம். ஆனால் படிப்பவர்களுக்கு ஓய்வூதியம் நினைவுக்கு வரக்கூடும். 'அடங்கியது' என்றால், முன்பு எப்போதோ அடங்காமல் இருந்தது போலாகிவிடும். ஆத்மாவோ எக்காலத்திலும் அலையே எழாத நிலை. கடைசியில் 'உபசாந்தம்' என்றே விட்டுவிட்டு, 'இருமை எல்லாம் நீங்கிய நிறைவு' என்று அடுத்த வாக்கியத்தில் விளக்குவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. முதல் இரண்டு முறை கேட்டபோதும் குரு இதையேதான் விளக்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் முறைதான் சொற்களுக்கு இறங்கி வந்தார். அதன்பின் பாஷ்கலி என்ன கேட்டார் என்பதைச் சங்கரர் அங்கே குறிப்பிடவில்லை.