சொல்ல முடியாத நோவு

உம்மா மறதி நோயோடு இருந்த கடைசி வருடத்தில், குளிப்பாட்டப் போனால் கையை ஓங்குவார். பெயர்கள் மறந்ததுபோல் குணமும் மாறிவிட்டது என்றே எண்ணினோம். அமைதிப்படுத்தும் மாத்திரை ஒன்று கொடுக்கப்பட்டது. உம்மா அடங்கினார், வீடும் அமைதியானது. சில வாரங்களின் பின், உடுப்பு மாற்றும்போது வலது முழங்காலை மடக்கும் ஒவ்வொரு தடவையும் அவரது நெற்றி சுருங்குவதை ராத்தா கவனித்தார். டொக்டரிடம் சொன்னோம். அந்த மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, குளிப்பாட்ட ஒரு மணித்தியாலத்துக்கு முன் பனடோல் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். சில நாட்களில் ஓங்கிய கை இறங்கிவிட்டது.

"நோகுதா?" என்று நாங்கள் கேட்காமல் இருக்கவில்லை. "இல்லை" என்பார். கேட்டு முடிவதற்குள் கேள்வியையே மறந்துவிடும் ஒருவரின் பதிலை நாங்கள் சாட்சியமாக ஏற்றுக்கொண்டோம். எங்களுக்கு வசதியான பதில் அது என்பதும் ஒரு காரணம்.

இத்தவறு எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. இடுப்பெலும்பு முறிந்த முதியோரிடையே, மறதி நோய் முற்றியவர்களுக்கு மற்றவர்களுக்குக் கிடைத்த மோர்ஃபினில் மூன்றிலொரு பங்கே கிடைத்தது என 2000 இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. முறிந்த எலும்பு இருசாராருக்கும் ஒன்றுதான். நோர்வேயில் 18 பராமரிப்பு இல்லங்களில், மறதி நோயோடு மனக்கிளர்ச்சியும் கொண்ட 352 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2011 இல் வெளியானது. ஒரு சாராருக்கு எட்டு வாரங்கள் படிமுறையாக நோவுக்கு மருந்து கொடுத்தார்கள். பெரும்பாலானோருக்குப் பரசிட்டமோலே போதுமாயிருந்தது. அவர்களது கிளர்ச்சி சராசரியாக 17 சதவீதம் குறைந்தது.

வாய்ச்சொல் இல்லாதவிடத்து உடலே பேசுகின்றது. மூச்சு, முனகல், முகபாவம், உடலசைவு, ஆறுதலுக்கு அடங்குதல் ஆகிய ஐந்தையும் கொண்டு நோவை மதிப்பிடும் முறை 2003 முதல் உண்டு. சொல்ல இயலாமை நோவு இல்லை என்பதற்கு ஆதாரமாகாது என, சர்வதேச வலி ஆய்வுச் சங்கமும் 2020 இல் திருத்திய தன் வரைவிலக்கணத்தில் தெளிவுபடுத்தியது.

அதற்காக ஒவ்வொரு கோபத்தையும் நோவென்று கொண்டு மருந்தை ஏற்றிவிடவும் இயலாது. மோர்ஃபின் வகை மருந்துகள் மயக்கமும் மலச்சிக்கலும் தரும். தடுமாறி விழவும் வைக்கும். மயங்கிக் கிடப்பவரும் அமைதியாகத்தான் தெரிவார். ஆகவே, 'சத்தம் அடங்கிவிட்டதா?' என்பது சரியான கேள்வியல்ல. மாத்திரைக்குப் பின் அவர் எழுந்து உட்கார்ந்தாரா, உண்டாரா, நம் முகத்தைப் பார்த்தாரா? அல்லது நமக்குத் தொல்லை தராமல் கிடந்தாரா? முதலாவது அவருக்கான மருந்து. இரண்டாவது நமக்கான மருந்து.

எங்கள் வீட்டில் இரண்டும் நடந்தன. முதல் மாத்திரையின் நாட்களில் உம்மாவுக்கு எவ்வளவு நொந்தது என்று கேட்டறிய எனக்கு இனி வழியில்லை. உங்கள் வீட்டில் கையை ஓங்கும் மூத்தவர் ஒருவர் இருந்தால், அவரது முழங்காலையும் பல்லையும் முதுகையும் முதலில் பாருங்கள்.